வயசாயிட்டா அப்படித்தான்: ஒரு சொல்லின் கதை

ஆடி ஐந்தாவது வெள்ளிக்கு வீராம்பட்டினம் செங்கழுநீரம்மன் தேர். புதுச்சேரிக்காரர்களுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை. வெளியூர் ஆட்களுக்காக ஒரு வரி: பிரெஞ்சுக்காரர் காலத்தில் கவர்னர் வந்து வடம் பிடித்துத் தேரைத் தொடங்கி வைப்பார். 1954இல் அவர்கள் கொடியை இறக்கிக்கொண்டு போன பிறகும் அந்த வழக்கம் நிற்கவில்லை. இன்றைக்கும் துணைநிலை ஆளுநர்தான் வடம் தொட்டுக் கொடுக்க வேண்டும்.

போன முறை போயிருந்தபோது அம்மா வழிச் சொந்தக்காரர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் அந்த வீட்டுத் தாத்தா. புது வேட்டி, நெற்றி நிறையக் குங்குமம். "துரை வந்துட்டாரா?" என்று கேட்டார். "இன்னும் வரல தாத்தா" என்றேன். ரெண்டு நிமிஷம் கழித்து மறுபடியும், "துரை வந்துட்டாரா?" நாலாவது தடவை கேட்டபோது மருமகள் உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தார்.

"வயசாயிட்டா அப்படித்தான் தம்பி. நீ ஒண்ணும் நெனச்சுக்காத."

அவர் அன்போடுதான் சொன்னார். ஆனால் அந்தச் சொல் எனக்குப் பழைய ஒன்றைக் கிளறிவிட்டது. இதே வார்த்தையை, இதே ஊரில், எங்கள் ஆயாவைப் பற்றி நானே சொல்லியிருக்கிறேன். அந்த நாலு சொல் எங்கிருந்து வந்தது, அதை மருத்துவம் எப்போது நம்பியது, எப்போது நம்புவதை விட்டது என்று கொஞ்ச நாளாகத் தேடிப் படித்ததை இங்கே தொகுத்து வைக்கிறேன்.

ஆயா

ஆயா மீன் விற்றவர். விடியற்காலையில் கூடையைத் தூக்கிக்கொண்டு புதுச்சேரி பெரிய மார்க்கெட்டுக்குப் போனால் மத்தியானம்தான் திரும்புவார். எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் யார் எவ்வளவு பாக்கி, எந்த வீட்டுக்கு வஞ்சிரம், எந்த வீட்டுக்கு நெத்திலி என்பதெல்லாம் மனசிலேயே கணக்கு.

2004 டிசம்பர் 26 காலை சுனாமி வந்தது. புதுச்சேரி, காரைக்கால் இரண்டு கரையிலும் சேர்த்துச் சுமார் 600 பேர் போனார்கள். ஆயா பிழைத்துக்கொண்டார். அவருடைய கூட்டாளி, முப்பது வருஷம் ஒன்றாகக் கூடை தூக்கியவர், பிழைக்கவில்லை.

அடுத்த சில மாதங்களில் ஆயா மாறிப்போனார். மார்க்கெட்டுக்குப் போவதை நிறுத்தினார். சோறு வைத்தால் ரெண்டு வாய், அதோடு சரி. விடியற்காலை மூணு மணிக்கே எழுந்து உட்கார்ந்திருப்பார். எதைக் கேட்டாலும் ஒரே பதில்: "தெரியல." இன்னைக்கு என்ன கிழமை ஆயா? தெரியல. நான் யார் மகன்? தெரியல. பாக்கிக் கணக்கெல்லாம் போச்சு.

வேப்பிலை அடித்தார்கள். விபூதி போட்டார்கள். ஒரு கிளினிக்குக்கும் கூட்டிப்போனோம். அங்கே இருந்த டாக்டர் நாடி பார்த்து, பிரஷர் பார்த்து, "வயசுதான், வேற ஒண்ணும் இல்ல" என்று சொல்லிச் சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தார். எங்களுக்கும் அது நிம்மதியாக இருந்தது. வயசு என்றால் யாரும் எதுவும் செய்ய வேண்டியதில்லை அல்லவா? நாலு வருஷம் அப்படியே உட்கார்ந்திருந்து, ஒருநாள் போய்ச் சேர்ந்தார்.

அந்த "தெரியல" என்ற சொல்லைப் பற்றி மருத்துவ நூல்களில் எழுதியிருக்கிறார்கள் என்பது எனக்குப் பிற்பாடுதான் தெரிந்தது. அதற்கு வருகிறேன்.

கட்டடத்தில் தொடங்கிய கதை

நம் பக்கத்து மனநல மருத்துவத்தின் வரலாறு ஒரு கட்டடத்தில் தொடங்குகிறது. 1794இல் மதராஸில், புரசைவாக்கத்தில், வாலண்டைன் கானலி என்ற கம்பெனி மருத்துவர் ஒரு காப்பகம் நடத்தத் தொடங்கினார். 1871இல் அரசுக் காப்பகம் கீழ்ப்பாக்கத்துக்கு வந்தது. 1922இல் அதன் பெயர் அரசு மனநல மருத்துவமனை என்று மாறியது. இன்று மனநலக் கழகம். சென்னைக்காரர்கள் பேச்சில் "கீழ்ப்பாக்கம்" என்று சொன்னாலே அர்த்தம் வேறாகிப்போனது இதனால்தான்.

காப்பகம் என்பது யாருக்கு? தெருவில் திரிபவருக்கு, அடிப்பவருக்கு, வீட்டில் வைத்துச் சமாளிக்க முடியாதவருக்கு. திண்ணையில் சத்தமில்லாமல் உட்கார்ந்திருக்கிற கிழவருக்கு அல்ல. அவரால் யாருக்கும் தொந்தரவு இல்லை. அதனால் அவர் எந்தப் பதிவேட்டிலும் ஏறவில்லை. அவருக்குக் கிடைத்த ஒரே நோய்ப் பெயர் "வயசாயிட்டா அப்படித்தான்".

இது நம் ஊர் அறியாமை என்று நினைத்துவிட வேண்டாம். ஐரோப்பிய மருத்துவமும் இதையேதான் சொல்லிக்கொண்டிருந்தது, கொஞ்சம் லத்தீன் கலந்து. 1906இல் ஜெர்மனியில் அலோய்ஸ் அல்சைமர் என்ற மருத்துவர் ஒரு பெண்ணின் மூளையைப் பற்றி விவரித்தார். ஆகுஸ்ட டேட்டர் என்று அவர் பெயர். 1901இல் மருத்துவமனையில் சேர்த்தபோது அவருக்கு வயது 51. மூளைத் திசுவில் படிவுகளும் முடிச்சுகளும் இருந்தன. 1910இல் கிரேப்லின் தன் பாடநூலில் இதற்கு "அல்சைமர் நோய்" என்று பெயர் வைத்தார்.

இங்கேதான் விஷயம் இருக்கிறது. அந்தப் பெண்ணுக்கு வயது குறைவு. அதனால்தான் அது "நோய்" ஆனது. அதே படிவு, அதே முடிச்சு 75 வயசுக்காரர் மூளையில் இருந்தால் அது முதுமைத் தளர்ச்சி, அவ்வளவுதான். இந்தப் பிரிவினை அறுபது வருஷத்துக்கு மேல் நீடித்தது. 1976இல் ராபர்ட் காட்ஸ்மன் என்ற அமெரிக்க நரம்பியல் மருத்துவர் ஒரு சின்னத் தலையங்கம் எழுதி, இரண்டும் ஒரே நோய்தான், வயதை வைத்துப் பிரிப்பதற்கு ஆதாரம் இல்லை என்று வாதிட்டார். அதன் பிறகுதான் முதியவரின் மறதி மெல்ல மெல்ல "நோய்" என்ற தகுதியைப் பெற்றது. நோய் என்ற பெயர் கிடைத்தால்தானே மருந்து, ஆராய்ச்சி, படுக்கை எல்லாம் வரும்.

எல்லாக் கிழவருக்கும் ஒரே நோய் இல்லை

அதற்கும் முன்னால் இன்னொரு வேலை நடந்திருந்தது. எனக்கு அதுதான் பெரிய கண்திறப்பு.

இங்கிலாந்தில் மார்ட்டின் ராத் என்ற மருத்துவர் மனநல மருத்துவமனையில் சேர்ந்த 60 வயசுக்கு மேற்பட்டவர்களை வகை வகையாகப் பிரித்து, ஒவ்வொருவருக்கும் பிறகு என்ன ஆனது என்று தொடர்ந்து பார்த்தார். 1955இல் முடிவுகளை வெளியிட்டார். மூளைத் தேய்வால் மறதி வந்தவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்கள் ஆறு மாதத்துக்குள் இறந்துபோயிருந்தார்கள். ஆனால் கடும் மனச்சோர்வோடு வந்தவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்கள் அதே ஆறு மாதத்துக்குள் வீடு திரும்பியிருந்தார்கள். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டு பேரும் ஒரே மாதிரிதான்: சாப்பிடமாட்டார்கள், பேசமாட்டார்கள், சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பார்கள். உள்ளே இருப்பது வேறு.

1961இல் லெஸ்லி கிலோ என்பவர் இதற்கு ஒரு பெயரைப் பரப்பினார்: போலி மறதிநோய். பார்க்க மறதிநோய் போலவே இருக்கும், அடியில் இருப்பது மனச்சோர்வு. 1979இல் சார்லஸ் வெல்ஸ் இரண்டையும் பிரித்தறிய உதவும் அடையாளங்களைத் தொகுத்தார். அதில் ஒன்று இது. மறதிநோய் உள்ளவர் கேள்விக்கு ஏதாவது ஒரு பதிலைச் சொல்லிச் சமாளிக்கப் பார்ப்பார். செவ்வாய்க்கிழமையை வியாழன் என்பார், பேரனை மகன் என்பார். மனச்சோர்வில் இருப்பவர் முயற்சியே செய்யமாட்டார். "தெரியல" என்பார்.

இதைப் படித்த அன்றைக்கு மடிக்கணினியை மூடி வைத்துவிட்டு வெளியே போய்விட்டேன்.

நான் மருத்துவன் இல்லை. ஒரு அடையாளத்தை வைத்துக்கொண்டு, செத்துப்போனவருக்கு இப்போது நோய் சொல்வது தப்பு. ஆனால் தூக்கம் விடியற்காலையில் கலைந்தது, சாப்பாடு குறைந்தது, எல்லாம் ஒரு சாவுக்குப் பிறகு சில மாதங்களில் வந்தது, "தெரியல" என்ற பதில்: இத்தனையும் ஒன்றாக இருக்கும்போது யாராவது ஒருவர், "இது மனச்சோர்வா இருக்குமோ?" என்று கேட்டிருக்கலாம். அந்தக் கேள்விக்குச் செலவு ஒன்றும் இல்லை. கேட்கவிடாமல் தடுத்தது அந்த நாலு சொல்தான்.

நம் பக்கத்தில் நடந்தது

இங்கிலாந்து, அமெரிக்கா என்று பேசிக்கொண்டே போனால், நம் ஊரில் யாரும் யோசிக்கவில்லை என்று தோன்றும். அப்படி இல்லை. தமிழ்நாட்டில் இந்த வேலை ஆச்சரியப்படும் அளவுக்குச் சீக்கிரமே தொடங்கியிருக்கிறது.

1978இல் சென்னை அரசு பொது மருத்துவமனையில் டாக்டர் வி.எஸ். நடராஜன் முதியோருக்கென்று தனி வெளிநோயாளர் பிரிவைத் தொடங்கினார். நாட்டிலேயே முதல் முயற்சி. 1988இல் உள்நோயாளர் வார்டு, 1996இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் முதியோர் மருத்துவத்தில் எம்.டி. படிப்பு. அதே காலத்தில் கீழ்ப்பாக்கத்தின் கண்காணிப்பாளராக இருந்த டாக்டர் சாரதா மேனன், வி. ராமச்சந்திரன், பி. ராமமூர்த்தி ஆகியோருடன் சேர்ந்து 50 வயதுக்கு மேற்பட்டவர்களின் மனநலக் கோளாறுகளைப் பற்றி 1979இல் ஆய்வுக் கட்டுரை எழுதினார். 1981இல் குடும்ப அமைப்புக்கும் முதுமையின் மனநோய்க்கும் உள்ள தொடர்பைப் பற்றி இன்னொன்று வந்தது.

மதுரையில் டாக்டர் ஏ. வெங்கோபராவ். அவரும் டி. மாதவனும் மதுரைக்குப் பக்கத்தில் ஒரு சிற்றூர்ப் பகுதியில் வீடு வீடாகப் போய் 60 வயதுக்கு மேற்பட்டவர்களைப் பார்த்தார்கள். 1982இல் வெளியான அந்த ஆய்வின்படி 1000 பேரில் 89 பேருக்கு மனநலக் கோளாறு இருந்தது. அதில் அதிகம் இருந்தது மறதிநோய் அல்ல, மனச்சோர்வு. ஆஸ்பத்திரியில் உட்கார்ந்து வருகிறவர்களை எண்ணியிருந்தால் இந்த எண் கிடைத்திருக்காது. வீட்டுக்குப் போனதால் கிடைத்தது.

1992இல் கொச்சியில் டாக்டர் ஜேக்கப் ராய் இந்திய அல்சைமர் சங்கத்தைத் தொடங்கினார். 1998இல் அதே கொச்சியில் கூடிய ஆராய்ச்சியாளர்கள் தங்கள் குழுவுக்கு "10/66" என்று பெயர் வைத்தார்கள். மறதிநோய் உள்ளவர்களில் மூன்றில் இரண்டு பங்கு, அதாவது 66 சதவீதம் பேர், வளரும் நாடுகளில் இருக்கிறார்கள். ஆனால் ஆராய்ச்சியில் 10 சதவீதம்கூட அவர்களைப் பற்றியது இல்லை என்பது அந்தப் பெயரின் பொருள். பெயரிலேயே ஒரு புகார் மனு. சென்னையும் வேலூரும் அந்தக் குழுவின் களங்களாக இருந்தன.

2009இல் வேலூர் பக்கம் கணியம்பாடி ஒன்றியத்தில் 1000 முதியவர்களை வைத்து நடந்த ஆய்வு வெளியானது. 12.7 சதவீதம் பேருக்கு மனச்சோர்வு. யாருக்கு அதிகம் என்று பார்த்தார்கள். வருமானம் குறைந்தவருக்கு, சர்க்கரை நோய் உள்ளவருக்கு, இதய நோய் உள்ளவருக்கு. அப்புறம், பசியோடு இருப்பவருக்கு. ஆமாம், பசி. யாருக்குக் குறைவு? மனசுவிட்டுப் பேச ஆட்கள் இருப்பவருக்கு.

கொஞ்சம் நிறுத்தி இதை மறுபடி படித்துப் பாருங்கள். வேளைக்குச் சோறும், பேச ஒரு ஆளும். நம் கிழவிகள் காலங்காலமாகச் சொல்லிவந்ததுதான். இப்போது எண்ணோடு வந்திருக்கிறது.

அரிக்கமேட்டுக்குப் பக்கத்தில்

வீராம்பட்டினத்துக்கு ஒட்டினாற்போல அரிக்கமேடு. 1769இல் ழான்தீயி என்ற பிரெஞ்சு வானியலாளர் இந்தப் பக்கம் வந்து பழம்பொருள்களைக் குறித்துவைத்தார். 1945இல் மார்ட்டிமர் வீலர் வந்து தோண்டினார். 1947 முதல் 1950 வரை கசால் தோண்டினார். ரோமானியச் சாடி, மணி, பானை ஓடு என்று இரண்டாயிரம் வருஷத்து நினைவுகளை மண்ணிலிருந்து எடுத்து உலகத்துக்குக் காட்டினார்கள். எங்கள் ஊர்ப் பெயர் ஆய்வு நூல்களில் ஏறியது அப்படித்தான். அங்கே தோண்டின கூலியாட்களில் எங்கள் பக்கத்து ஊர்க்காரர்களும் உண்டு என்று பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறேன். அவர்களுக்கு வயசானபோது அவர்களுடைய நினைவை யார் கவனித்தார்கள் என்று கேட்டால் பதில் இல்லை.

மருத்துவத்துக்கும் புதுச்சேரியில் குறைவில்லை. பிரெஞ்சுக்காரர்கள் 1823இல் இங்கே மருத்துவப் பள்ளி தொடங்கினார்கள். 1956இல் அது தன்வந்திரி மருத்துவக் கல்லூரி ஆனது. 1964இல் ஜிப்மர். இன்றைக்குத் தமிழ்நாட்டின் பாதி மாவட்டங்களிலிருந்து ஜனங்கள் ஜிப்மருக்கு வருகிறார்கள். அங்கே மனநலப் பிரிவு இருக்கிறது, நல்ல மருத்துவர்கள் இருக்கிறார்கள்.

ஆனால் ஊருக்குத் தெற்குக் கோடியில் வீராம்பட்டினம், வடமேற்குக் கோடியில் கோரிமேடு. நடுவில் பஸ் ஸ்டாண்டில் இறங்கி இன்னொரு பஸ் பிடிக்க வேண்டும். போய்ச் சீட்டு எடுத்து, வரிசையில் நின்று, திரும்புவதற்குள் ஒரு நாள் போய்விடும். மூட்டு வலிக்கிற, கண் மங்கின, போக விருப்பமே இல்லாத ஒரு கிழவியைக் கூட்டிப்போக வீட்டில் ஒரு ஆள் அன்றைய வேலையை விட வேண்டும். மனச்சோர்வின் முதல் குணமே எழுந்து போக மனசில்லாமல் போவதுதான். அந்த நோய் உள்ளவரைப் பார்த்து "நீ கிளம்பி வா" என்கிறோம்.

விளைவு என்ன என்பது நாடு முழுக்க நடந்த கணக்கெடுப்பில் தெரிந்தது. 2017-18இல் நடந்த லாசி என்ற முதுமை ஆய்வின்படி, 60 வயதுக்கு மேற்பட்டவர்களில் 8.3 சதவீதம் பேருக்குப் பெரும் மனச்சோர்வு இருக்க வாய்ப்பு உண்டு. கிட்டத்தட்ட 12 பேரில் ஒருவர். ஆனால் "எனக்கு மனச்சோர்வு என்று டாக்டர் சொல்லியிருக்கிறார்" என்றவர்கள் வெறும் 0.8 சதவீதம். பத்தில் ஒன்பது பேரின் நோய் யார் கண்ணிலும் படவில்லை. அதே ஆய்வை ஒட்டி வந்த இன்னொரு கணக்கில், 60 வயதுக்கு மேற்பட்டவர்களில் 7.4 சதவீதம் பேருக்கு, அதாவது சுமார் 88 லட்சம் பேருக்கு, மறதிநோய். சட்டத்துக்கோ திட்டத்துக்கோ பஞ்சமில்லை: 1982இல் தேசிய மனநலத் திட்டம், 1996இல் மாவட்ட மனநலத் திட்டம், 2007இல் பெற்றோர் பராமரிப்புச் சட்டம், 2017இல் மனநலப் பராமரிப்புச் சட்டம். காகிதம் எல்லாம் வந்து சேர்ந்தது. ஆள்தான் திண்ணை வரைக்கும் வரவில்லை.

வீட்டுக்கு வந்தபோது என்ன நடந்தது

வந்தால் என்ன ஆகும் என்பதற்கு மூன்று உதாரணங்கள்.

முதலாவது, நம் கடற்கரையிலேயே நடந்தது. சுனாமிக்குப் பிறகு சென்னையில், உறவுகளைப் பறிகொடுத்த மீனவக் குடும்பங்களின் வீடுகளுக்குப் பயிற்சி பெற்ற தன்னார்வலர்கள் போய்ப் பேசினார்கள். அவர்கள் டாக்டர்கள் அல்ல, மருந்தும் கொடுக்கவில்லை. உட்கார்ந்து கேட்டார்கள். பிறகு அந்தப் பகுதியையும், அப்படி யாரும் போகாத இன்னொரு பகுதியையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். போன இடத்தில் மனச்சோர்வு குறைந்திருந்தது. லட்சுமி விஜயகுமாரும் சுரேஷ் குமாரும் 2008இல் இதை எழுதினார்கள். எங்கள் தெருவுக்கும் அந்த வருஷம் நிறையப் பேர் வந்தார்கள். அரிசி கொடுத்தார்கள், ஃபைபர் படகு கொடுத்தார்கள், பிள்ளைகளுக்குப் படம் வரையச் சொல்லிக் கொடுத்தார்கள். நல்ல காரியம்தான். ஆனால் ஆயாவிடம் உட்கார்ந்து "உன் கூட்டாளி பேர் என்னாம்மா?" என்று கேட்டவர் யாரும் எனக்கு ஞாபகம் இல்லை. நானும் கேட்கவில்லை.

இரண்டாவது கோவா. அமித் தியாசும் அவர் குழுவும் மறதிநோய் உள்ளவர்கள் இருக்கிற 81 குடும்பங்களை எடுத்துக்கொண்டார்கள். உள்ளூர் ஆட்களுக்கே பயிற்சி கொடுத்து, அவர்களை வீட்டுக்கு அனுப்பினார்கள். கேட்டதையே கேட்கிறாரா, எப்படிப் பதில் சொல்வது, ராத்திரி எழுந்து நடக்கிறாரா, என்ன செய்வது, உதவித்தொகைக்கு எங்கே எழுதுவது, இதுபோன்ற விஷயங்கள்தான். ஆறு மாதத்தில் நோயாளியைப் பார்த்துக்கொள்கிறவரின் மனநலம் தேறியது. 2008இல் முடிவு வெளியானது. அதே கோவாவில் பிறகு, லேசான மனச்சோர்வு அறிகுறி உள்ள 181 முதியவர்களை வைத்து இன்னொரு ஆய்வு. உள்ளூர் ஆலோசகர்கள் தூக்கம், உடல்நோய், அன்றாடச் சிக்கல்கள் பற்றிப் பேசி வழிகாட்டியவர்களில் ஒரு வருஷத்துக்குள் முழு மனச்சோர்வில் விழுந்தவர்கள் 4.4 சதவீதம். மற்றவர்களில் 14.4 சதவீதம். இது 2019இல் வந்தது.

மூன்றாவது ஆப்பிரிக்காவில், ஜிம்பாப்வேயில். ஹராரேயில் டிக்சன் சிபாண்டா என்ற மனநல மருத்துவர். அவரிடம் சிகிச்சை பெற்ற ஒரு இளம்பெண் தற்கொலை செய்துகொண்டார். ஏன் மறுபடி ஆஸ்பத்திரிக்கு வரவில்லை என்று கேட்டால், பஸ்ஸுக்குக் காசு இல்லை. அந்த ஒரு பதிலிலிருந்துதான் அவர் 2006இல் 14 பாட்டிகளுக்குப் பயிற்சி கொடுத்து, சுகாதார நிலையத்துக்கு வெளியே மரபெஞ்சில் உட்கார வைத்தார். மனசு பாரமானவர்கள் வந்து பாட்டி பக்கத்தில் உட்காரலாம். 2016இல் வந்த ஆய்வு இது வேலை செய்கிறது என்று காட்டியது. இங்கே முதியவர்கள் கவனிப்பு வாங்குகிறவர்கள் இல்லை, கொடுக்கிறவர்கள் என்பதையும் பாருங்கள்.

மூன்றிலும் புது மருந்து இல்லை, புதுக் கட்டடம் இல்லை. யார் பயணம் செய்ய வேண்டும் என்பதை மட்டும் மாற்றினார்கள். இந்த வரலாற்றைப் படித்ததில் எனக்குக் கிடைத்த ஒரே பாடம் இதுதான்: 1794 முதல் நாம் கேட்டுக்கொண்டிருப்பது "இவரை எங்கே கொண்டுபோவது?" என்ற கேள்வி. மதுரையிலும் கணியம்பாடியிலும் கோவாவிலும் கேட்டது "நாம் எப்போது போவது?" என்ற கேள்வி. பலன் கிடைத்தது இரண்டாவது கேள்விக்குத்தான்.

திண்ணைக்குத் திரும்பி

தேர் அன்றைக்குக் கிளம்பியது. தாத்தா எழுந்து நின்று கும்பிட்டார். "துரை வந்துட்டாரு" என்றார்.

அடுத்த வாரம் அந்த மருமகளுக்குப் போன் செய்தேன். நான் படித்ததில் மூன்று விஷயத்தை மட்டும் சொன்னேன். நீங்களும் வைத்துக்கொள்ளலாம்.

ஒன்று, மணிக்கணக்கில் அல்லது ஓரிரு நாளில் திடீரென்று குழப்பம் வந்தால் அது வயசு இல்லை. காய்ச்சல், சிறுநீர்த் தொற்று, உப்புச் சத்துக் குறைவு, புது மாத்திரை என்று ஏதோ ஒன்று. அன்றைக்கே ஆஸ்பத்திரி. இரண்டு, வாரக்கணக்கில், மாதக்கணக்கில் வந்து, தூக்கமும் சாப்பாடும் குறைந்து, "தெரியல", "எனக்கெதுக்கு" என்ற பேச்சு வந்தால் மனச்சோர்வா என்று டாக்டரிடம் பெயர் சொல்லிக் கேட்க வேண்டும். அது குணமாகக்கூடியது. மூன்று, வருஷக்கணக்கில் மெல்ல மெல்ல வந்த மறதி என்றாலும் தைராய்டு, பி12 இரண்டையும் ஒரு தடவை பார்க்கச் சொல்ல வேண்டும். அதற்குப் பிறகும் மறதிநோய்தான் என்றால், முழுசாகக் குணமாகாது. ஆனால் பார்த்துக்கொள்கிற விதத்தில் நிறைய இருக்கிறது, பார்த்துக்கொள்கிறவருக்கும் ஓய்வு வேண்டும். நேரில் போக முடியாத நாளில் 14416 என்ற மனநல உதவி எண்ணும், 14567 என்ற முதியோர் உதவி எண்ணும் இலவசம்.

அவர் கேட்டுக்கொண்டார். "எங்களுக்கு யாரு தம்பி இதெல்லாம் சொன்னாங்க" என்றார். அரியாங்குப்பம் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப்போய் ரத்தம் கொடுத்துவிட்டு வந்ததாகப் பிறகு சொன்னார். பி12 குறைவாக இருந்ததாம். ஊசி போடுகிறார்கள். தாத்தா இன்னும் கேட்டதையே கேட்கிறார், ஆனால் முன்னைக்கு இப்போது பரவாயில்லை, மத்தியானம் வலைக் கொட்டகைக்குப் போய் உட்காருகிறார் என்றார்.

அந்தக் கொட்டகையை நான் சின்ன வயசிலிருந்து பார்க்கிறேன். கடலுக்குப் போக முடியாத பெரியவர்கள் நாலைந்து பேர் எப்போதும் அங்கே இருப்பார்கள். கை வலை பின்னும், வாய் கதை பேசும். கிழிந்த கண்ணியை ஒருவர் காட்டுவார், இன்னொருவர் நூல் கோப்பார். கட்டுமரக் காலத்தில் கரையோரமாகவே போய் வர முடிந்த வயசாளிகளுக்கு ஃபைபர் படகில் இடம் இல்லை. அதனால் இப்போது கூட்டம் கூடத்தான் செய்கிறது. பெண்களுக்கு அப்படி ஒரு இடம் இல்லை. கூடை தூக்குவதை நிறுத்தினால் வீட்டுத் திண்ணைதான், தனியாக.

சுகாதார நிலையத்திலிருந்து மாசத்துக்கு ஒரு தடவை ஒரு ஆள் அந்தக் கொட்டகைக்கும், அந்தத் திண்ணைகளுக்கும் வந்து அரை மணி நேரம் உட்கார்ந்தால் போதும் என்று தோன்றுகிறது. பிரஷர் பார்க்க வருகிறவரே "தூக்கம் எப்படி? சாப்பாடு எப்படி? பேச யாராச்சும் இருக்காங்களா?" என்று மூன்று கேள்வி சேர்த்துக் கேட்கலாம். இதை ஒரு மனுவாக எழுதிக் கொடுத்திருக்கிறேன். பதில் வந்தால் இங்கே எழுதுகிறேன்.

ஆயாவின் கூட்டாளி பேர் என்ன என்று போன மாசம்தான் அம்மாவிடம் கேட்டேன். அம்மாவுக்குத் தெரிந்திருந்தது. அவரைப் பற்றி ஒரு மணி நேரம் பேசினார். அம்மாவுக்கு இப்போது எழுபது.